பாய் அளந்த சுரங்கம்

ஜமால் பாய். அவர் மனைவி நூர்ஜகான். என் மனைவி சரோஜா. நான். போன ஞாயிறு காலை செந்தோசா கோட்டைக்குப் போனது இவ்வளவு பேர்தான்.

பாயை உங்களுக்குத் தெரியும். லிட்டில் இந்தியாவில் தையல் கடை. என் பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேலே வெட்டிவிட்டார் என்று எழுதினேனே... அவரேதான்.

பாய் எம்ஆர்டி ரயில் ஏறமாட்டார். ஒரு தடவை அடுக்குமாடி புளோக் லிப்டில் மாட்டிக்கொண்டார். அதிலிருந்து மண்ணுக்குக் கீழே போவதென்றாலே வேர்த்துவிடும். எங்கும் பஸ்தான். மகள் பொங்கோலில் புது வீடு குடிபோன அன்று பஸ் மாறி மாறி, பிரியாணி ஆறிய பிறகு போய்ச் சேர்ந்தார்.

அந்த ஞாயிறு மதியம் அதே வீட்டில் பேத்திக்குப் பெயர் வைப்பதாக இருந்தது. காதில் பெயரைச் சொல்ல வேண்டியவர் பாய். இதற்கும் லேட்டானால்?

கோட்டைக்குக் கிளப்பியது நூர்ஜகான். பாய்க்குப் பீரங்கி என்றால் உயிர். ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடிக்குள் இருந்த சிப்பாய் உடுப்பில் தையலைக் குறை சொன்னார். அப்புறம் சுரங்கம் வந்தது. பாய் நின்றுவிட்டார்.

"பீரங்கி வெளியில இருக்குன்னுதானே சொன்னே?"

"பீரங்கி வெளியிலதாங்க. குண்டு வைக்கிற இடம் உள்ள இருக்கு. இதுல நடந்துட்டீங்கன்னா ரயில்ல போயிடலாம். இல்லன்னா உங்க பஸ்தான்."

"ஓ... இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தியா?"

"பின்ன? பீரங்கி வாங்கவா?"

"நான் முன்னால போறேன் பாய்," என்றேன்.

 பாய் சட்டைப் பையிலிருந்து அளவெடுக்கும் டேப்பை எடுத்தார். அது இல்லாமல் எங்கும் போகமாட்டார். ஒரு முனையை என்னிடம் கொடுத்து, சுவரோடு பிடிக்கச் சொன்னார். எதிர்ச்சுவரை நோக்கி நடந்தார்.

"என் தோள் பதினெட்டு இன்ச்சு. இதுக்கு டேப்பே பத்தலண்ணே!"

"அப்ப இடம் இருக்குலா பாய்," என்றாள் சரோஜா.

"இடமா? இவ்வளவு லூசா சட்டை தச்சா கஸ்டமர் மூஞ்சியிலயே வீசுவான்."

நடந்தார். டேப்பின் முனை என் கையில். பாதி வழியில் மூச்சு வாங்கியது. நிற்கவில்லை. வெளியே வெயில். பாய் இரண்டு கையையும் தூக்கினார்.

"கோட்டையப் பிடிச்சாச்சு!"

எதிரே வந்த சீனத் தம்பதி ஒன்றும் புரியாமலே கைதட்டியது.

பயத்தோடு பேசிப் பார்த்தால் அது வளர்கிறது. அளந்து பார்த்தால் சுருங்குகிறது.

ஹார்பர்ஃபிரண்ட்டில் ரயில் ஏறினோம். கதவு மூடியது.

"டேப் வேணுமாங்க?" என்றார் நூர்ஜகான்.

"வேணாம். உட்காரு."

பொங்கோலில் பேத்தி பெயரைக் கேட்டுக்கொண்டே தூங்கினாள். பிரியாணி சூடாக இருந்தது.

வழி முழுக்க மண்ணுக்குக் கீழே. ஏறியது, இறங்கியது எல்லாம் சேர்த்து ஸ்டேஷன் பதினாறு.