தட்டை எடை போட்ட நாள்

ஊட்டச்சத்து மேற்படிப்பின் கடைசி ஆண்டில் எனக்கு வாய்த்த வேலை, இருபது வயதுக்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை மூன்று விதமாக அளந்து, எந்த விதத்தை நம்பலாம் என்று சொல்வது. முதல் நாள் வாயால் கேட்க வேண்டும். இரண்டாம் நாள் அவர்களே தட்டைப் போனில் படமெடுத்து அனுப்புவார்கள். மூன்றாம் நாள் நான் தராசோடு வீட்டுக்கே போய், சாப்பிடும் முன்னும் பின்னும் தட்டை எடை போடுவேன். மற்றவர்களிடம் மூன்றும் மூன்று திசைக்கு இழுத்தன. செல்லூர்ப் பெண் ஒருத்தியிடம் மட்டும் முதல் இரண்டும் அச்சாகப் பொருந்தின. கேட்டாலும் நாலு இட்லி, படத்திலும் நாலு இட்லி.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் யாரோ, "பொண்ணு கொஞ்சம் பூசுனாப்புல இருக்கு" என்றார்களாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நிச்சயத்துக்குப் போட்ட வளையல், கையைத் தூக்கினால் முழங்கை வரை ஓடியது. அதைப் பார்த்தேன். ஆனால் வளையலை எழுத என் படிவத்தில் இடமில்லை.

மூன்றாம் நாள், பக்கத்து வீட்டுத் தறி அடித்த அடியில் தரை அதிர்ந்து, தராசில் எண் நிற்கவே இல்லை. ஒருவழியாகக் குறித்துக்கொண்டேன். அவள் தட்டோடு அடுப்படியில் உட்கார்ந்தாள்.

"நீங்க பாத்துக்கிட்டே இருந்தா எறங்காதுக்கா."

சாப்பிடுகிறவர் வாயைப் பார்த்தால் கண் பட்டுவிடும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். எழுந்துபோய்த் தெருவைப் பார்த்து நின்றேன். திரும்பி வந்தபோது தட்டு காலி. இட்லி இருந்த ஹாட்பாக்ஸின் மூடி மட்டும் கோணலாகக் கிடந்தது. நான் எழுந்து போகும்போது அது இறுக மூடியிருந்தது. கேட்கவில்லை. மூன்றும் பொருந்திவிட்ட சந்தோஷத்தைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. பெரிய ஆராய்ச்சிக்காரி!

"இம்புட்டு சுத்தமா யாரும் கொண்டு வந்ததில்லம்மா" என்றார், என் கணக்கைப் பார்த்த பேராசிரியர்.

ஒரு மாதம் கழித்து, படிவத்தில் விட்டுப்போன ஒரு கையெழுத்துக்காக அவள் வீட்டுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. தறியை நிறுத்திவிட்டுப் பக்கத்து வீட்டு அம்மா வெளியே வந்தார்.

"புள்ள மயங்கி விழுந்துருச்சும்மா. ஆஸ்பத்திரில கெடக்கு, இன்னும் கண்ணத் தொறக்கல. தட்டுல வச்சத எல்லாம் திரும்ப டப்பாவுலயே போட்டுட்டு இருந்துருக்கு. ஒருத்தரும் பாக்கலையே."

கோணலாகக் கிடந்த மூடியைப் பார்த்திருந்த நான், படிவத்தைத் திரும்பப் பைக்குள் செருகினேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார்.

"என்னம்மா, மொகமே வாடிக் கெடக்கு. சாப்பிட்டியா?"

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஆச்சும்மா, நாலு இட்லி" என்றேன்.