மூடிய கையும் ஓயாத கேள்வியும்

சரக்குக் கப்பலில் மூட்டை தூக்கி இறக்கும் வின்ச் எந்திரத்தை ஓட்டக் கற்றுக்கொடுப்பவன், ஒரு கண்ணை மாணவன் கையிலும் மறு கண்ணைத் தலைக்கு மேல் தொங்கும் மூட்டைகளிலும் வைத்தே மாறுகண்காரனாகிவிடுவான்.

என்னோடு அந்த வேலையைப் பார்த்த அந்தோணியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ராயபுரம் ஆஸ்பத்திரியில். "வலிக்குதா? தூங்கினியா? கஞ்சி குடிச்சியா?" என்று அடுக்கினேன். பேச முடியாத அந்தோணி கையை மூடி உயர்த்தினான். துறைமுகத்தில் அதற்கு 'நிறுத்து' என்று அர்த்தம்.

கிரேக்க வழி

அதற்குப் பல வருஷம் முன்னால், சுதந்திரம் வந்த புதிது. மனைவி இறந்த பிறகு மாலை வேளைகளில் கல்மண்டபம் வாசகசாலைதான் எனக்குத் துணை. அங்கேதான் சாக்ரடீஸைப் பற்றிப் படித்தேன். அவர் பதில் சொல்ல மாட்டாராம்; கேள்வி கேட்டுக் கேட்டே மாணவனை யோசிக்க வைப்பாராம். மறுநாளே ஆரம்பித்துவிட்டேன்.

மாட்டியவன் திருவொற்றியூர்க் குப்பத்து மாரி. கட்டுமரம் உடைந்துபோய், பிழைப்புக்கு வின்ச் பழக வந்தவன். ஃபோர்மன் வைக்கும் பரீட்சையில் தவறினால் வீட்டில் அடுப்பு எரியாது. "மூடின கைய யார் காட்டினாலும் நிறுத்தணும். ஏன்?" என்றேன். அவன் எது சொன்னாலும் மறுபடி "ஏன்?" வளர்ந்த ஆட்களுக்குப் பாடம் சொல்லி அவதிப்பட்ட உங்களுக்கு அடுத்தது தெரிந்திருக்கும்.

"இன்னா நைனா, உனுக்கே தெரியாமத்தான் என்னக் கேட்டுகினு கீறியா?"

சீன வழி

கன்பூசியஸ் வேறு மாதிரி. முறையைப் பழகு, அது உடம்பில் ஊறட்டும் என்பவர். ஆளைப் பார்த்துப் பதிலையும் மாற்றுவார். அந்தோணி அவர் பெயரைக்கூடக் கேட்டதில்லை, ஆனால் அசல் சீனக்காரன். "காரணம் அப்பால, கை முதல்ல" என்று மூடிய கையைக் காட்டிக் காட்டியே மாரியை நிறுத்தப் பழக்கினான்.

"வேகமா தூக்கலாமா?" என்று துடுக்கான மாரி கேட்டால் "கூடாது" என்பான். கூடப் பழகிய பயந்தாங்கொள்ளி கன்னியப்பன் அதையே கேட்டால் "தூக்குடா" என்பான். இருவரும் டீக்கடையில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்தார்கள். அந்தோணி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்:

"ஒர்த்தனுக்குப் பேதி, ஒர்த்தனுக்கு மலச்சிக்கல். ஒரே மருந்தா குடுக்க முடியும்?"

பரீட்சை

வின்ச்காரனுக்குச் சைகை காட்டவே நிற்கும் ஆளான கைகாட்டி 'இறக்கு' என்று காட்ட, மாரி இறக்கிக்கொண்டிருந்தான். கீழே நின்ற கூலியாள் ஒருவன் திடீரென்று கையை மூடி உயர்த்தினான். வின்ச் சட்டென்று நின்றது. கயிற்று வலையின் ஓரத்தில் ஒரு மூட்டை நழுவித் தொங்கியது. கைகாட்டி நின்ற பக்கத்திலிருந்து அது தெரியவில்லை.

"கைகாட்டி இருக்கும்போது எவனோ காட்டினான்னு ஏன் நிறுத்தினே?" என்றார் ஃபோர்மன். நானும் அந்தோணியும் பக்கத்தில் போய் நின்றோம்.

"எனுக்குக் கீழ தெரியாது, கைகாட்டிக்கு அந்தாண்ட தெரியாது. பாக்கறவன் எவனோ அவன்தான் சார் காட்டுவான். கை தன்னால நின்னுச்சே, அது அந்தோணி அண்ணன் வேல. ஏன்னு கேட்டீங்களே, அதுக்குத்தான் இந்தாளு ஒரு மாசமா என் உசுர வாங்கினாரு!"

மாரிக்கு வேலை கிடைத்தது. ஜெயித்தது கிரேக்கமா சீனமா என்று நானும் அந்தோணியும் கடைசிவரை தீர்க்காத வழக்கில், இப்போது கேள்வி கேட்கிற ஆள் மட்டும் மிச்சம்.