ஆயுத பூஜையன்று புல் ஈரமாக இருந்தது

அன்று அங்கே இருந்தவர்கள்: அண்ணன், அண்ணி, நான், விமானம் ஓட்டக் கற்றுத்தரும் சார், அவரிடம் கற்றுக்கொள்ளும், அப்போது மேலே விமானத்தில் தனியாக இருந்த பெண். வேறு யாரும் இல்லை. ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள் என்பதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நான் ஏழாவதோடு நின்றவள். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் கௌதள்ளியில் பிறந்தார். அப்பா போனபின் மழையும் இல்லாமல் போகவே, கட்டட வேலைக்கு மைசூர் வந்தார். மண் சுமந்தே என்னைக் கட்டிக்கொடுத்தார். பிறகு ஊருக்கு வெளியே, சின்ன விமானங்கள் இறங்கும் புல்தரையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. புல் வெட்டுவது, ரோலர் ஓட்டுவது, மாடு வராமல் விரட்டுவது. அதை ஓடுதளம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொந்த வயலுக்குப் போகிற மாதிரி "காட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்பார்.

ஆயுத பூஜைக்கு டிராக்டர், ரோலர், புல்வெட்டும் மெஷின் எல்லாவற்றையும் தரையின் கோடியில், குழாய்ப் பக்கம் நிறுத்திக் கழுவுவது வருஷா வருஷம் வழக்கம். விமானம் அவ்வளவு தூரம் வராது, முன்னாலேயே நின்றுவிடும். ஆனாலும் தண்ணீர் புல்லில் பரவுவதைப் பார்த்து எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

"அண்ணா, அந்தப் புள்ள இன்னும் வந்து எறங்கோணுமுங்களே. வழுக்காதுங்களா?"

"பல்லி கத்துனாலே பயணத்தை நிறுத்தறவ நீ. பேசாம குங்குமத்தை எடு அம்மிணி."

அண்ணி சிரித்தார். நானும் சிரித்தேன்.

அண்ணன் பூசணிக்காய் உடைத்தார். சக்கரத்தில் எதுவும் மாட்டக்கூடாது என்று துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது விமானம் இறங்கியது. காற்று திரும்பிவிட்டது, பின்னாலிருந்து தள்ளியது என்று சார் பிறகு சொன்னார். பாதித் தரையைத் தாண்டித்தான் சக்கரம் மண்ணைத் தொட்டது. பிரேக் பிடித்தும் ஈரப் புல்லில் சக்கரம் சுற்றாமலே வழுக்கி வந்தது. அண்ணன் ஓரமாக ஓடினார். அவர் காலும் அதே ஈரத்தில் வழுக்கியது. எழுவதற்குள் இறக்கை அடித்துவிட்டது. விமானம் வேலியைப் பிய்த்துக்கொண்டு போய் நின்றது.

ஆஸ்பத்திரியில் நினைவு இருந்தவரை சொன்னது ஒன்றுதான்: "அந்தப் புள்ளையை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. தண்ணி உட்டது நானு." மறுநாள் போய்விட்டார்.

காரியத்தன்று அந்தப் பெண் வந்தார். வாசலிலேயே நிற்கவைத்து, "ஆளைத் தின்னுட்டு சோறு திங்க வந்தியா" என்று நம்மவர் ஒருவர் கேட்டார். சாப்பிடாமல் போனார். அதன்பிறகு விமானம் ஏறவே இல்லையாம். இன்று வருஷத் திதிக்கும் கூப்பிட்டிருக்கிறோம். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அவரை நம் பந்தியில் உட்கார விடுங்கள். அண்ணியே அவருக்கு இலை போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அண்ணனைத் தூக்கி வண்டியில் ஏற்றிய சார், ரத்தம் கொடுத்த கட்டட வேலை நண்பர்கள், கௌதள்ளியிலிருந்து வந்து கூடவே இருந்தவர்கள், எல்லோருக்கும் எங்கள் நன்றி. யாரையாவது விட்டிருப்பேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது.

ஒருவர் கடனை மட்டும் தீர்க்க முடியவில்லை. அந்தப் பூசணிக்காய்களை அண்ணன் அக்ரஹாரத்துக் கடையில் கடனாக எடுத்து வந்திருந்தார். நான் நீட்டும்போதெல்லாம் கடைக்காரர் "பேடம்மா, பேட" என்று கன்னடத்தில் வேண்டாமென்று சொல்லிக் கையை மடக்கிக்கொள்கிறார். "சாயங்காலம் வந்து தர்றேன்னுதானே சொல்லிட்டுப் போனாரு. வரட்டும்."

எண்பது ரூபாய்.