பாலத்தில் பின்னால் வந்த பஸ்

டிரைவர் ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. காலை ஏழு மணியானால் அவர் கால் இன்னும் பிரேக்கைத் தேடுகிறது என்று மனைவி கேலி செய்வாள். அந்த நேரத்தில் அவருக்கு நினைவு வருவது ஒரு பச்சை சைக்கிள்.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி அதில்தான் வேலைக்குப் போவாள். அவர் பஸ் தினமும் ஒரு குறுகலான பாலத்தில்தான் அவளை எட்டிப் பிடிக்கும். அப்போது அவருக்கு இளரத்தம். ஒரு நாள் நேரமாகிவிட்ட எரிச்சலில் ஹாரனை அலறவிட்டு, அவளை உரசுவது போல முந்தினார். கண்ணாடியில் பார்த்தால் சைக்கிள் கீழே கிடந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

பாலம் தாண்டியதும் நிறுத்தம். ஆட்கள் ஏறி முடிப்பதற்குள், முழங்கையில் ரத்தத்தோடு அவள் வந்து நின்றாள்.

“ஹாரன் அடிச்சேனே, காதுல விழலையாம்மா?” என்றார் முந்திக்கொண்டு.

“விழுந்துச்சு. அப்புறம் நானும் விழுந்தேன்.”

பஸ்ஸே சிரித்தது. டிரைவரின் முகம் சுண்டிப்போனது.

“ஒரே ஒரு நாள் சைக்கிள்ல இந்தப் பாலத்தைத் தாண்டிப் பாருங்க. அப்புறம் பேசலாம்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீம்புக்காகவே அடுத்த விடுமுறையில் பக்கத்து வீட்டு சைக்கிளை வாங்கிக்கொண்டு போனார். பாதிப் பாலத்தில் ஒரு லாரி கடந்தது. அதன் காற்றே ஆளைத் தள்ளியது. கைப்பிடி ஆடியது. அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் அவளைத் தேடிப் பிடித்தார்.

“தப்பு என்மேலதாம்மா.”

“நீங்களும் விழுந்தீங்களா?”

“இல்லை. உயிர் மட்டும் போயிட்டு வந்துச்சு.”

அன்றுதான் முதல்முறையாக அவள் சிரிப்பதைப் பார்த்தார்.

அதன்பிறகு பாலம் முடியும் வரை பஸ் சைக்கிளுக்குப் பின்னால்தான் போகும். ஹாரன் கிடையாது. பாலம் தாண்டியதும் அவள் ஓரம் ஒதுங்கிக் கையை உயர்த்துவாள். இவர் நன்றாக விலகி முந்துவார். யாராவது முணுமுணுத்தால், “அவசரம்னா இறங்கித் தள்ளுங்க சார்” என்பார் கண்டக்டர். பத்தொன்பது வருடம் இப்படியே ஓடியது.

ஒரு நாள் அவள் பாலத்துக்கு அப்பால் இறங்கி நின்றாள். இவரும் பஸ்ஸை நிறுத்தினார்.

“இன்னியோட வேலை முடியுது. மகளோட இருக்கப் போறேன், வேற ஊரு.”

என்னென்னவோ சொல்ல நினைத்தார். “பார்த்துப் போங்கம்மா” என்பதுதான் வாயில் வந்தது.

மறுநாள் பாலம் வெறிச்சென்று கிடந்தது. டிரைவர் வேகத்தைக் கூட்டவில்லை. கண்டக்டரும் ஏன் என்று கேட்கவில்லை.