மணி நிற்கும் முன் விழுந்த தாழ்ப்பாள்

சட்டம் போட்டால் பிள்ளை அம்மாவிடம் பேசிவிடுமா? பள்ளியில் கடைசி வருடம் விவாத மேடையில் இப்படிக் கேட்டார்கள். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை, பேந்தப் பேந்த விழித்துவிட்டு இறங்கிவிட்டேன். இப்போது ஒரு கதவுக்கார அம்மாவின் கதை தெரியும்.

சட்டசபையில் அவளை எல்லோரும் பூட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை அப்படி. மசோதா ஓட்டுக்கு வரும்போது கட்டிடம் முழுக்க மணி அடிக்கும். தாழ்வாரத்தில் கதை பேசிக்கொண்டு நிற்கிற உறுப்பினர்கள் உள்ளே ஓடுவார்கள். மணி நின்றதும் கதவுகளைத் தாழ்ப்பாள் போட்டுவிட வேண்டும். எண்ணி முடிக்கிற வரை யாரும் உள்ளே வர முடியாது, வெளியே போகவும் முடியாது. பார்வையாளர் மாடத்துக்கும் அதே விதிதான்.

"மணி அடிக்கிற வரைக்கும் யார் வேணா வரலாம். நின்னுடுச்சுன்னா மந்திரியா இருந்தாலும் வெளியிலதான்" என்று வீட்டில் மார்தட்டிக்கொள்வாள்.

வீட்டில் அதைக் கேட்க இருந்தது ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு. ஒரு காலத்தில் அம்மாவின் விரலை விடாதவள். இப்போது வாயைத் திறந்தால் "மிஸ் சொன்னாங்க". மிஸ் சொன்னால் வகிடு இடப்பக்கம் போகும். மிஸ் சொன்னால் விடியற்காலையில் படிப்பு.

"நீயா மூச்சு விடறியா, இல்ல அதையும் மிஸ்தான் விடச் சொன்னாங்களா?" என்பாள் அம்மா. மகள் சிரிக்கக்கூட மாட்டாள்.

பெற்றோர் கூட்டத்தில்தான் அந்த விஷயம் தெரிந்தது. மகளுக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரிகிறதாம். பல மாதமாகவாம். மிஸ்ஸிடம் சொல்லி முன்வரிசைக்கு மாறிக்கொண்டாளாம். "வீட்ல சொல்லலையா?" என்று மிஸ் சாதாரணமாகத்தான் கேட்டார். அம்மாவுக்கு ஊசி ஏற்றியது போல இருந்தது. அன்றைக்கே கண்ணாடிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ பதறுவே."

"உங்க மிஸ் பதற மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

பெற்றவள் பதறாமல் வேறு யார் பதறுவார்கள்? அன்றிலிருந்து மிஸ்ஸின் பேரைக் கேட்டாலே அவளுக்குக் காதில் புகை வந்தது.

அந்தச் சமயத்தில்தான் பெற்றோர் உரிமை மசோதா வந்தது. அரசுப் பள்ளியில் பிள்ளை தன்னைப் பற்றி ஆசிரியரிடம் எதைச் சொன்னாலும், பெற்றோர் கேட்டால் பள்ளி சொல்லியாக வேண்டும் என்றது அது. சபையில் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். ரகசியமே இருக்கக் கூடாதா என்று ஒரு கட்சி, பெற்றவர்களிடமே ரகசியமா என்று இன்னொரு கட்சி.

"இது வந்துட்டா வாத்தியாருங்க வாய்ல பூட்டே இருக்காது. உன் தொழிலுக்கே ஆபத்து பூட்டக்கா" என்றார் கேன்டீன்காரர்.

"போங்கண்ணே" என்று சிரித்தாளே தவிர, அது ஜெயிக்க வேண்டும் என்று உள்ளுக்குள் தவம் கிடந்தாள். தன்னிடம் மறைத்து மகள் இன்னும் என்னென்ன சொல்லி வைத்திருக்கிறாள் என்று மிஸ்ஸின் வாயாலேயே கேட்க வேண்டும்.

ஓட்டெடுப்பு அன்று மகளின் வகுப்பே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. பூட்டக்காவுக்கு அன்று மாடத்துக் கதவு. கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்த மகள் அம்மாவுக்கு ஒரு தலையசைப்பு கொடுத்தாள், அவ்வளவுதான். பிறகு மிஸ்ஸின் தோளில் சாய்ந்து ஏதோ குசுகுசுத்தாள். மிஸ் எழுந்து வந்தார்.

"கண்ணாடிய பஸ்லயே விட்டுட்டாளாம்க்கா. ஓடிப் போய் எடுத்துட்டு வந்துடறேன்."

கைக்கெட்டும் தூரத்தில் அம்மா நிற்கிறாள். அதையும் மிஸ்ஸிடம்தான் சொல்ல வேண்டுமா?

மணி அடித்தது. தாழ்வாரத்துக் கோடியில் மிஸ் மூச்சிரைக்க ஓடிவந்தார், கையில் கண்ணாடி. மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அவர் வந்து சேர நேரம் இருந்தது. பூட்டக்கா கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இறக்கினாள். அதற்கப்புறம்தான் மணி நின்றது.

கீழே ஓட்டுப் பலகையில் விளக்குகள் எரியத் தொடங்கின. மகள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"அம்மா, எனக்கு எல்லாம் ஒரே கலங்கலா இருக்கு. என்ன கலர் வருது?"

அவள் குனிந்து, மகளின் காதோரம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பச்சை, பச்சை, சிவப்பு. "ஓரத்துல ஒருத்தர் இன்னும் அமுக்கல. முழிக்கறாரு." மகள் களுக்கென்று சிரித்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மசோதா ஜெயித்தது. மகள் பிடித்த கையை எப்போது விட்டுவிடுவாளோ என்பதிலேயே அம்மாவுக்குக் கவனம் இருந்தது.

கதவைத் திறந்ததும் மிஸ், "மன்னிச்சுக்கோங்கக்கா, நான்தான் லேட் பண்ணிட்டேன்" என்றார். பூட்டக்காவால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் வீட்டில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மகள் ஆரம்பித்தாள்.

"மணி அடிக்கும்போதே தாழ்ப்பாள் போட்டுட்ட இல்ல? எனக்குக் கண்ணுதான் மங்கல். காது நல்லாத்தான் இருக்கு."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மிஸ்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லுவியா?"

மகள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவளை நன்றாகப் பார்த்தாள். "இது உன் வேலை விஷயம்மா. சொல்ல மாட்டேன். ஆனா இனிமே அப்படிப் பண்ணாதே."

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் மிஸ்ஸுக்குத் தெரியாத ஒன்று கடைசியில் தன் வீட்டுக்குள்ளும் இருக்கிறதே என்ற சந்தோஷத்தை அடக்க முடியவில்லை.

சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. அவள் இன்றுவரை மிஸ்ஸிடம் எதையும் போய்க் கேட்கவில்லை. கேட்கப் போனால் அவர் கதவைப் பற்றித் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்ற பயமும் உண்டு. சாயங்காலத்தில் மகள் பக்கத்தில் பதறாமல் உட்கார்ந்து பழகுகிறாள். மகள் சில நாள் பேசுகிறாள், சில நாள் இல்லை.

பிள்ளையின் டீச்சரை நினைத்து வயிறெரிகிற அம்மாவோ அப்பாவோ உங்களுக்கும் தெரிந்திருப்பார்கள். இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள், அவர்களையும் இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.