அத்தையின் சைலன்சர்

மாமா இறந்தபின் அத்தை அவருடைய பழைய காரை விற்கவில்லை. ஓட்டக் கற்றுக்கொண்டு, வாடகைக்கு நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தாள். அவளுடைய அண்ணனான என் அப்பாவுக்கு அது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. காரைத் தள்ளிவிட்டுத் தன் கடையில் கல்லாவில் உட்காரச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சைலன்சர் குழாயில் ஓட்டை விழுந்ததும் அவருக்கு வழி பிறந்தது. கார் டிராக்டர் போல உறுமியது. போதாததற்குப் புகை உள்ளேயும் வந்தது. மூச்சுத் திணறுகிறவர்களை இதில் எப்படி ஏற்றுவது என்று அத்தையே ஓட்டத்தை நிறுத்திவிட்டாள். வெல்டிங் பட்டறைக்காரர் குழாயைத் தட்டிப் பார்த்தார். "தகடு காகிதமா இருக்கு. நெருப்பு வச்சா ஓட்டை பெருசாயிடும்" என்று கையை விரித்தார். அப்பா அன்றே ஒரு கார் புரோக்கரிடம் பேசி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலையில் அத்தை எங்கள் வீட்டு வாசலில் காரை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில் படுத்தாள். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டினாள். தகடு பளிச்சென்று தெரிந்தது. எங்கள் வீட்டில் எந்த இரும்பைத் தேய்த்தாலும் உடனே எண்ணெய் தடவுவார்கள். கத்தியானாலும் சரி, கதவுக் கீலானாலும் சரி. அத்தையின் கையும் தானாகத் தடவிவிட்டது. அதன்மேல் சைலன்சர் பசையை அப்பி, தகரம் சுற்றி, கிளாம்பை முடுக்கினாள். வண்டியைக் கிளப்பியதும் எண்ணெயில் பசை ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு விழுந்தது. வாசல் முழுக்க எண்ணெய் காய்ந்த புகை.

அப்பா ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, தாளிக்கிறியா?"

"ஆமாண்ணே. தட்டை எடுத்து வைங்க."

குழாய் ஆறும்வரை காத்திருந்தாள். சோப்புத் தண்ணீரில் கழுவி, தின்னரால் துடைத்து, காயவிட்டாள். மறுபடி பசை. பிஸ்கட் டப்பாவிலிருந்து வெட்டிய புதுத் தகரம். இரண்டு முனையிலும் கிளாம்பு. பசை இறுக எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு அணைத்தாள். ஆறியபின் கிளப்பி, ஒட்டின இடத்தில் சோப்பு நுரை பூசிப் பார்த்தாள். கசிவு இருந்தால் காட்டிக்கொடுக்கும் குமிழி ஒன்றுகூட எழவில்லை.

சாயங்காலம் வந்த புரோக்கர் காதைக் கொடுத்துக் கேட்டார். "சத்தமே இல்லையே. சொன்ன விலைக்கு மேலயே போகும்."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "பார்த்தியா, பட்ட பாடு வீண் போகலை. சாவியைக் குடு."

"விக்கறதுக்கா நான் மண்ணுல புரண்டேன்?"

"இந்த ஒட்டு எத்தனை நாள் தாங்கும்?"

"தெரியாதுண்ணே. கழண்டா மறுபடி கீழ படுப்பேன். உங்க கல்லாவுல உட்கார மாட்டேன்."

புரோக்கர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப என்னை எதுக்குங்க வரச் சொன்னீங்க?"

"ஏறுங்க, பஸ் ஸ்டாண்டுல விட்டுடறேன்" என்றாள் அத்தை. "சும்மா இல்ல, வாடகைக்கு."

அவர் சிரித்துக்கொண்டே ஏறினார். அப்பா கேட்டுக்கு நடுவில் போய் நின்றார். அத்தை ஹாரன் அடித்தாள். அவர் நகரவில்லை. அவள் இன்னொரு முறை, கையை எடுக்காமல் அடித்தாள். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தபின் அப்பா ஒதுங்கினார்.