லவினா கேட்ட வெளிர்தங்கம்

சனிக்கிழமை மாலை மூன்று மணிக்கு எங்கள் பிரஸ்ஸில் போன் அடித்தது. பள்ளி அரைநாள் என்பதால் நான் அங்கேதான் இருந்தேன். பைண்டிங் வேலை பார்க்கும் கங்கம்மாவும் நானும் என் மகள் லவினாவின் கல்யாண அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். பேசியவர் சௌந்தரராஜன். பெங்களூர் ரயிலில் என் கணவர் ஜெயகரனுக்கும் சேர்த்துச் சீட்டு பிடித்துவைப்பவர்.

"டீச்சரம்மா, மொதல்ல உக்காருங்க," என்றார்.

நான் உட்காரவில்லை. ஜெயகரன் ஸ்டேஷன் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

"கையில ஒரு பழுப்புக் கவர் வச்சிருந்தாருமா. மடங்காம நானே எடுத்தாறேன்," என்றார்.

அந்தக் கவருக்காகத்தான் அவர் பெங்களூர் போனார்.

ஜெயகரன் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் சாம்பியன் ரீப்ஸ் லைன் வீட்டில் பிறந்தவர். அவருடைய அப்பா சுரங்க ஷாஃப்ட்டில் இறங்கியவர். இவருக்கு இருட்டு ஆகாது. பெங்களூர் சுல்தான்பேட்டையில் அச்சுவேலை கற்றுக்கொண்டு வந்து ஆண்டர்சன்பேட்டை பஜாரில் ஒரு பழைய ஆஃப்செட் மெஷின் போட்டார். சங்க நோட்டீஸ், சபையின் கிறிஸ்துமஸ் அட்டை, அடக்க ஆராதனை அழைப்பு எல்லாம் அதில்தான். அடித்த தாளை வாசலுக்கு எடுத்துப்போய், வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்த பிறகே அடுத்த தாள். சாப்பிட அழைக்கப் போனால் அந்தத் தாளையே என்னிடம் நீட்டி, "ஐடா, நீ பாரு," என்பார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. "நல்லாயிருக்குங்க," என்பேன்.

லவினாவின் அட்டையைப் பெங்களூரில் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை ஃப்ரெடி வீட்டில் சொன்னார்கள். "என் பொண்ணு கார்டை வெளிய குடுத்தா, அப்புறம் இந்த ஷட்டரை எதுக்குத் தெறக்கிறது?" என்றார் இவர்.

லவினா கேட்டது ஒன்றுதான். பெயர்களுக்கு மேலே ஒரு தங்கப் பட்டை. கீழே அடர்த்தியாகத் தொடங்கி, மேலே போகப் போக வெளிறி, இல்லாமலே போக வேண்டும். "காலைல நம்ம டம்ப் மேல வெயில் ஏறும் பாருப்பா, அந்த மாதிரி." தங்கத்தைப் பிரித்தபின் சுரங்கம் கொட்டிய மண்குன்றைத்தான் எங்கள் ஊரில் டம்ப் என்போம்.

ஒரு நிறத்தை வெளிற வைக்க அச்சில் அதைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக உடைப்பார்கள். இடையில் காகிதத்தின் வெள்ளை தெரியும். கண் அதை வெளிர் நிறம் என்று எடுத்துக்கொள்ளும். சிவப்பும் நீலமும் இதற்கு இணங்கும். தங்க மை இணங்காது. அதில் இருப்பது பித்தளைத் துகள். துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடந்தால்தான் மின்னும். பொடிப் புள்ளியில் அவற்றுக்குப் படுக்க இடமில்லை. அடர்த்தியான இடம் பளபளத்தது. வெளிற வேண்டிய இடம் சேறாக வந்தது.

கங்கம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணா, தங்கம் கேட்டா டம்ப் மண்ணைக் கரைச்சி ஊத்திகீறே?"

"இரு கங்கம்மா, காயட்டும்."

"காஞ்சா மண்ணு தங்கமாயிடுமா? சுரங்கத்துல எறங்குற எங்க ஆளு சொல்லும், வெள்ளைக்கல்லுல தங்கம் கோடு கோடா ஓடுமாம். மில்லுல மாவா அரைச்சிட்டாதான் கண்ணுக்கே தெரியாம பூடுமாம். நீ அரைச்சி வச்சிக்கினு தங்கத்தைக் காணோம்னு தேடுறே."

அவர் மெஷினை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "உனக்கு டீ சொல்லட்டுமா?"

"பன்னும் சொல்லு."

மறுநாளே புள்ளிகளை விட்டுவிட்டுக் கோடுகள் போட்டார். கீழே தடித்த கோடுகள், மேலே போகப் போக மெலிந்து விலகும் கோடுகள். கையால் வரைந்த பிளேட்டில் ஒரு தாள் அடித்து வாசலுக்குக் கொண்டுபோனார். மெல்லிய கோடும் மின்னியது. தள்ளி நின்று பார்த்தால் கோடு மறைந்து வெயில்தான் தெரிந்தது. அன்று எனக்கும் தெரிந்தது. ஆனால் கைக்கோடு நேராக இல்லை என்று, பெயர்களை மட்டும் பழுப்பு மையில் அடித்துவைத்துவிட்டு, கோடுகளுக்குச் சரியான ஃபிலிம் எடுக்கப் பெங்களூர் கிளம்பினார். அந்தப் பழுப்புக் கவரில் இருந்தது அதுதான்.

அடக்கம் முடிந்த வாரத்தில் கங்கம்மா வந்தாள். "வேற பிரஸ்ல குடுத்து அந்தப் பட்டையை மட்டும் போட்டுக்கலாமாமா?"

நான் லவினாவைப் பார்த்தேன். "அப்பா அடிச்ச வரைக்கும் போதும்மா," என்றாள்.

பெயர்கள் மட்டும் பழுப்பு மையில் இருக்க, மேல்பாதி வெறுமையாகவே அட்டைகள் போயின. துக்க வீடு என்பதால் அப்படி விட்டிருக்கிறோம் என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள். ஜனவரியில் கல்யாணம் எளிமையாக நடந்தது. அடுத்த மாதம் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள்.

கைக்கோடு போட்ட அந்த ஒரு தாள் என்னிடம் இருக்கிறது. அதை விளக்கடியில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்க்கிறேன். "நீ பாரு," என்று நீட்டும் கை வேண்டியிருக்கிறது.

தங்க மை ஏற்றுவதற்கு முன் மெஷினில் பழைய மை துளியும் இருக்கக் கூடாது. கிளம்புவதற்கு முந்தைய மாலை அவர் உருளைகளை ஒவ்வொன்றாகக் கழுவினார். கடைசி உருளையை வந்து கழுவிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கினார். அதில் பழுப்பு மை காய்ந்து ஒட்டியிருக்கிறது.